மூடி திறக்காத இருபத்தைந்து நிமிஷம்

“கையெழுத்து வடிவாத்தான் கிடக்கு. ஆனா கை நடுங்கிற நேரத்திலை கையெழுத்து உதவாது, பிள்ளை.”

நான் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் நாள், மருந்துப் போத்தல்களுக்குப் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் மருந்தையா சொன்னது இது. மருந்தையா என்று நாங்கள் அழைப்பது மருந்து கலந்து கொடுப்பவரை. யாழ்ப்பாணத்துக்காரர். பெரிய டாக்டர் மாதத்துக்கு இரண்டு முறை பதுளையிலிருந்து வந்து போவார். மற்ற நாளெல்லாம் மூன்று தோட்டங்களுக்கும் இவர்தான் டாக்டர். அடுத்த போத்தலுக்கு இன்னும் அழகாக எழுதினேன்.

புது நர்ஸ்களாக நீங்கள் இருவரும் என் இடத்துக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. வேலை அனுபவத்தைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் வழக்கமாகத் தலை நரைத்து, பென்சன் வாங்கி, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர்களாக இருப்பார்கள். எனக்கு இருபத்தாறு வயது. ஆனாலும் ஏழு வருஷம் அங்கே இருந்துவிட்டு வந்தவள் என்ற முறையில் உங்களுக்கு ஒன்றைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். காய்ச்சலுக்கு மருந்து எத்தனை அவுன்ஸ், கட்டுத்துணியை எவ்வளவு நேரம் அவிக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒரு காலைப்பொழுதைப் பற்றி எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. அப்பா தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், அம்மா கொழுந்து எடுக்கிறவள். எங்கள் குடும்பத்தில் பெருவிரலை மையில் அழுத்தாமல் பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். பதுளையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன், கொழும்பில் பிரசவம் பார்க்கப் பயின்றேன். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது, அதை மறைக்கப்போவதில்லை. நீங்களும் மறைக்க வேண்டாம். ஆனால் முதலில் படித்தவளுக்கு ஒரு தொல்லை உண்டு. அவள் சரியாகச் செய்தால் ‘இவள் கெட்டிக்காரி’ என்பார்கள். பிழை செய்தால் ‘பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்தால் இப்படித்தான்’ என்பார்கள். பெயர் வந்தால் அவளுக்கு மட்டும், பழி வந்தால் எல்லாப் பெண்களுக்கும். நான் சொல்லப்போவது நான் செய்த ஒரு பிழையைப் பற்றித்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் தகரக் கொட்டிலுக்குள் நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பார்த்திருப்பீர்கள். யுத்தத்துக்குப் போய்வந்த பெரிய துரை கூடவே கொண்டுவந்தது. அவர் கார் வாங்கியதும் அதை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டார். பக்கத்தில் பிரம்பால் பின்னிய கூடை போல ஓர் இருக்கை இருக்கிறதே, அதில்தான் நான் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். மருந்தையா ஓட்டுவார். அவர் ஓட்டுவதோடு சரி. அதைத் துடைப்பது நான். ஒவ்வொரு சனிக்கிழமையும் விளக்கிலிருந்து சக்கரக் கம்பி வரை துணி கொண்டு துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பேன். மருந்தையாவுக்கு அது ஒரு வாகனம். எனக்கு அது எங்கள் தோட்டத்துப் பெண் எவளும் எனக்கு முன் ஏறாத ஒன்று.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆயுத பூசைக்குத் தொழிற்சாலையில் தேயிலை உருட்டும் இயந்திரங்களுக்கெல்லாம் மாலை போட்டுப் பொட்டு வைத்தார்கள். நாங்களும் ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோல், தராசு, மருந்து அரைக்கும் கல் எல்லாவற்றையும் துடைத்து வைத்துப் பூசை செய்தோம். மோட்டார் சைக்கிளை நடுவில் நிறுத்தினோம். சந்தனத்தை நானே உரைத்தேன், நல்ல கெட்டியாக. எங்கே வைப்பது என்று யோசிக்கவே இல்லை. பெற்றோல் டாங்கிக்கு மேலே வட்டமான பித்தளை மூடி இருக்கிறது. அது அப்படியே ஒரு நெற்றி மாதிரி. நடுவில் ஊசி முனையளவு ஒரு சிறு துளைகூட இருந்தது, பொட்டுக்கு இடம் குறித்து வைத்ததுபோல. ஆடாமல் இருக்கட்டும் என்று மூடியை ஒரு தடவை இறுக்கித் திருகிவிட்டு, விரல் நிறைய சந்தனம் எடுத்து அப்பினேன். அதன்மேல் குங்குமம். பார்க்க லட்சணமாக இருந்தது. இரண்டு நாள் வண்டி வெளியே போகவில்லை. கொட்டிலின் தகரச் சூட்டில் சந்தனம் கல்லாகக் காய்ந்தது.

மூன்றாம் நாள் காலை. பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்து ஆட்கள் மலைக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். மேற்கணக்கிலிருந்து ராமையா என்பவர் ஓடி வந்தார். மேற்கணக்கு என்பது தோட்டத்தின் மேல்பகுதி. ஆஸ்பத்திரியிலிருந்து வண்டிப் பாதையில் ஏழு மைல். அவர் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடி வந்திருக்கிறார். கையில் கங்காணி எழுதிய துண்டுக் கடுதாசி நனைந்து கிடந்தது. அதைப் படிக்கும் முன்பே அவர் சொல்லிவிட்டார்.

“நர்ஸம்மா, புள்ள பொறந்திருச்சு. நஞ்சுக்கொடி விழலைங்க. ரத்தம் நிக்கல.”

“எப்பப் பொறந்துச்சு?”

“விடியக் கொள்ள.”

நான் பையை எடுத்தேன். மருந்தையா வண்டியை உதைத்துக் கிளப்பினார். ராமையா பின்னால் தொற்றிக்கொண்டார். கூடையில் என் காலடியில் எப்போதும் போல ஒரு டின் பெற்றோல். ஏழு மைலில் நாலு மைல் நன்றாகத்தான் ஏறினோம். நாலாம் மைல் கல்லைத் தாண்டி மதகுக்குப் பக்கத்தில் வண்டி இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது.

“பெற்றோல் முடிஞ்சுது,” என்றார் மருந்தையா. “முந்தநாள் நிரப்பேல்லை. டின்னை எடு, பிள்ளை.”

டின்னை எடுத்துக் கொடுத்தேன். அவர் மூடியைத் திருகினார். அசையவில்லை. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு திருகினார். அசையவில்லை. பிறகு ராமையா வந்தார். தேயிலைக் கட்டையை ஒரே வெட்டில் சாய்க்கிற கை அது. உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் வந்ததே தவிர மூடி அப்படியே இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஹல்துமுல்லைப் பக்கமிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டிக்காரர் இறங்கி, வாயில் சுருட்டோடு எங்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“என்னங்கய்யா, வண்டிக்குப் பசியா?”

“ஓம், பசிதான்,” என்றார் மருந்தையா எரிச்சலோடு.

“பசிக்கிறது வாயத் தொறக்க மாட்டேங்குதே. நம்ம மாடுகள வாயத் தொறன்னு ஒரு நாளும் சொன்னதில்லீங்க. மூடுன்னுதான் சொல்லணும்.”

வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். ராமையாவின் முகத்தைப் பார்த்த வண்டிக்காரரே சிரிப்பை நிறுத்திவிட்டார். என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னதும் அவரும் மேல்துண்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலையில் இறங்கிவிட்டார். நல்ல மனிதர். அந்தக் காலைப்பொழுதில் மலையில் நின்ற எல்லோருமே நல்ல மனிதர்கள்தான். நல்ல மனிதர்கள் நாலு பேர் அவசரத்தில் ஒன்றுகூடினால் எவ்வளவு கெடுதல் செய்ய முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

மருந்தையா கருவிப் பையிலிருந்து குறட்டை எடுத்து மூடியின் விளிம்பைக் கடித்துப் பிடித்துத் திருகினார். பித்தளை மிருதுவானது. பிடிப்பதற்காகச் செதுக்கியிருந்த பற்கள் ஒவ்வொன்றாக மழுங்கின. வண்டிக்காரர் ஒரு கல்லை எடுத்து மூடியின் பக்கத்தில் நாலு தட்டுத் தட்டினார். டாங்கி நசுங்கியதுதான் மிச்சம். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது.

“ஐயா, சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடறப்ப என்ன செய்வோம்? சூடு காட்டுவோம். சூட்டுல விரிஞ்சுரும். ஒரு சுளுந்துக் குச்சி கொளுத்தி இந்த மூடிக்கு மட்டும் காட்டினா வந்துரும்ங்க.”

நான் மருந்தையாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “தூரத்திலை பிடிச்சு ஒருக்காக் காட்டினா...” என்றார்.

ஸ்பிரிட் போத்தலுக்குப் பக்கத்தில் விளக்கை வைத்தால் என்னைத் திட்டித் தீர்க்கிறவர் அவர். நெருப்பைப் பற்றி அவருக்குத் தெரியாமல் இல்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்: அவசரம் மனிதனை முட்டாளாக்குவதில்லை. அவனுக்கு நன்றாகத் தெரிந்ததை அந்த நேரத்துக்கு மட்டும் மறக்கச் செய்துவிடுகிறது. அப்படி மறந்தவரிடம் வாதாடிக்கொண்டிருக்கக் கூடாது. சின்ன வேலை ஒன்றைச் செய்யச் சொல்ல வேண்டும்.

நான் வண்டிக்காரரிடம் சொன்னேன். “அண்ணே, அந்தச் சுருட்ட எடுத்துக்கிட்டு வளைவுக்கு அந்தாண்ட போயிருங்க.”

“ஏம்மா, நேத்து ராத்திரி முழுக்க மழ. எல்லாம் ஈரமாக் கெடக்கு. என்ன ஆயிரப்போவுது?”

“டின்னுல இருக்கறது தண்ணி இல்லண்ணே.”

அவர் டின்னைப் பார்த்தார், சுருட்டைப் பார்த்தார். வளைவுக்கு அப்பால் போனார். சுருட்டை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“ஐயா, மணி என்ன?” என்று மருந்தையாவைக் கேட்டேன்.

“எட்டு அஞ்சு.”

“எட்டேகால் வரைக்கும் பாப்போம். தொறக்கலன்னா நானும் ராமையா அண்ணனும் பைய எடுத்துக்கிட்டு நடக்கிறோம்.”

“மூண்டு மைல் ஏத்தம், பிள்ளை.”

“தெரியும்ங்க. நான் இந்த மலையில பொறந்தவ.”

“நான் தூக்கிட்டு ஓடுறேன், நர்ஸம்மா,” என்றார் ராமையா. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குனிந்தே விட்டார். “பத்து நிமிஷம் பொறுங்கண்ணே,” என்றேன். அப்படி ஒரு நேரம் குறித்த பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. எதுவரைக்கும் முயல்வது, எப்போது கைவிடுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். முடிவு செய்யாவிட்டால் மூடியோடேயே ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு நிமிஷமும் இதோ வந்துவிடும் போலவே இருக்கும்.

பிறகு நான் செய்தது மிகச் சாதாரணமானது. டாங்கியைத் தட்டிப் பார்த்தேன். நெஞ்சில் சளி எங்கே கட்டியிருக்கிறது என்று விரலால் தட்டிப் பார்க்கிறோமே, அதுபோல. மேலே தட்டினால் வெறும் சத்தம். பாதிக்குக் கீழே தட்டினால் அடைத்த சத்தம்.

“ஐயா, பெற்றோல் முடியல. பாதி டாங்கி இருக்கு.”

“இருந்தா ஏன் நிண்டது?”

அந்தக் கேள்விக்கான விடை எங்கள் அம்மாவின் அடுப்படியில் இருந்தது. மண்ணெண்ணெய் டின்னை உடைக்கும்போது அம்மா ஆணியால் இரண்டு துளை போடுவாள்: ஒன்று எண்ணெய் வர, எதிர் மூலையில் ஒன்று காற்றுப் போக. ஒரு துளை மட்டும் போட்டால் எண்ணெய் விக்கி விக்கி வரும், பிறகு நின்றுவிடும். டாங்கியிலிருந்து பெற்றோல் வராவிட்டால் காற்றுப் போகவில்லை என்று அர்த்தம். காற்றுப் போகாமல் உள்ளே வெறுமையாகிவிட்டால் அந்த வெறுமை மூடியை உள்ளுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். நாலு பேர் பலத்துக்கும் அது அசையாது. அப்படியானால் இந்த டாங்கிக்குக் காற்றுத் துளை எங்கே?

எங்கே என்று எனக்குத் தெரியும். அங்கே நின்ற நாலு பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஏனென்றால் அந்தத் துளையைச் சனிக்கிழமைதோறும் துடைத்தவள் நான். அதன்மேல் சந்தனம் அப்பியவளும் நான்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். நான் உடனே வாய் திறக்கவில்லை. நாலைந்து மூச்சு விடும் நேரம் பேசாமல் நின்றேன். அந்த நேரத்தில் என் மனசில் ஓடியது மேற்கணக்கில் கிடந்த பெண்ணைப் பற்றியதல்ல. ‘படிச்ச பொண்ணு பொட்டு வச்சு வண்டியக் கெடுத்துட்டா’ என்று நாளைக்குப் பெரட்டில் எப்படிப் பேசுவார்கள் என்பதுதான் ஓடியது. அப்பா அதைக் கேட்டுக்கொண்டு தலை குனிந்து நிற்பது தெரிந்தது. யாருக்கும் சொல்லாமல் சந்தனத்தைச் சுரண்டிவிட முடியுமா என்றுகூட யோசித்தேன். முடியாது. மூன்று பேரும் அந்த மூடியைச் சுற்றித்தான் நின்றார்கள். மருந்தையா மறுபடி குறட்டை எடுத்துவிட்டார். இன்னொரு தடவை திருகினால் பிடிக்கப் பல்லே இருக்காது.

ராமையா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இயந்திரமும் தெரியாது, காற்றும் தெரியாது. நர்ஸம்மா ஏதோ கண்டுபிடித்துவிட்டாள் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

“ஐயா, குறடு வேணாம். மூடி நடுவுல ஒரு தொளை இருக்கு. காத்துத் தொளை. பூசைக்கு நான் சந்தனம் வச்சு அதை அடைச்சிட்டேன். என் தப்புங்க.”

மருந்தையா திட்டவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“எந்தத் துவாரம்?”

இரண்டு வருஷம் அந்த வண்டியை ஓட்டியவருக்கு அப்படி ஒரு துளை இருப்பதே தெரியாது. அந்த இக்கட்டிலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது. வந்ததை இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?

நான் காட்டினேன். அவர் சட்டென்று என் பையைத் திறந்து, தையல் போடும் ஊசி வைத்திருக்கும் உறையை எடுத்தார்.

“அது வேணாம்ங்க. அது அந்தப் பொண்ணுக்கு.”

கொண்டையிலிருந்து ஊசியை உருவினேன். தலைமுடி அவிழ்ந்து தோளில் விழுந்தது. அதைப் பற்றிக் கவலைப்படும் நேரமல்ல. பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுச் சந்தனத்தை நனைத்தேன். தண்ணீர் ஊற்றலாம் என்று வண்டிக்காரர் செம்பை நீட்டினார், வேண்டாம் என்றேன். உள்ளே போனால் வேறு வினை. நனைந்த சந்தனத்தை உள்ளே தள்ளாமல் வெளிப்பக்கமாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். குங்குமத்தில் விரலெல்லாம் சிவந்துவிட்டது. மாடு மட்டும் கழுத்து மணியை ஆட்டிக்கொண்டிருந்தது. மருந்தையா கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஊசி முனை உள்ளே இறங்கியது. உஸ்ஸென்று ஒரு சத்தம். டாங்கி மூச்சை உள்ளுக்கு இழுத்தது. அவ்வளவுதான். மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்த சந்தனத்தையும் துடைத்துவிட்டுத் துணியைச் சுற்றித் திருகினேன். என் கைக்கே வந்துவிட்டது.

வண்டிக்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். “பாதி இருக்குங்க,” என்றார். “நாம இவ்வளவு நேரம் சாப்பிட்டவனுக்குச் சோறு ஊட்டப் பாத்திருக்கோம்.”

மருந்தையா உதைத்தார். மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. “எட்டேகால்,” என்றார் என் பக்கம் திரும்பாமலே. நிற்கத் தொடங்கியதிலிருந்து இருபத்தைந்து நிமிஷம் போயிருந்தது.

மேற்கணக்கில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவுக்குள் நுழைந்தபோது பவளம் சுவர் நிறத்தில் கிடந்தாள். அதுதான் ராமையாவின் மனைவியின் பெயர். அடுத்த காம்பராக்காரி ஒருத்தி, விடியற்காலையிலிருந்து பவளத்தின் அடிவயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இருந்தாள். “கைய எடுத்தா ஊத்துதும்மா, அதான் எடுக்கல,” என்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். பயிற்சியில் எங்களுக்கு மூன்று நாள் சொல்லிக்கொடுத்ததை அவள் தானாகவே கண்டுபிடித்திருந்தாள். நான் அவள் கைக்குக் கீழே என் கையை வைத்த பிறகுதான் அவள் தன் கையை எடுத்தாள். விரல்களை அவளால் நிமிர்த்த முடியவில்லை. அவள் மட்டும் இல்லையென்றால் எங்கள் மூடி திறந்தும் பயனில்லை. அதனால் லயத்துக்குள் போகும்போது, உங்களுக்கு முன்பு அங்கே என்ன செய்தார்கள் என்று முதலில் கேளுங்கள். ‘தள்ளிப் போ’ என்று தொடங்காதீர்கள்.

அங்கே நான் செய்ததை நீங்கள் படித்திருக்கிறீர்கள். எழுத வேண்டியதில்லை. நடுவில் ஒரு தடவை பவளம் கண் விழித்தாள்.

“ஏம்மா, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க?” என்றாள். “நான் செத்துட்டேனா?”

“ஊசி தொலஞ்சிருச்சு. நீ பேசாம படு.”

பத்து மணிக்கு இரத்தம் நின்றது. மத்தியானம் அவள் கஞ்சி குடித்தாள். பிள்ளை பெண். வெளியே வந்தபோது மருந்தையா வாசற்கல்லில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். கடினமான பகுதி சாயங்காலம் வந்தது. ஆஸ்பத்திரி வண்டி வழியில் நின்றால் காரணம் எழுதித் துரைக்கு அனுப்ப வேண்டும். மருந்தையா அறிக்கைத் தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“இயந்திரக் கோளாறு எண்டு எழுதிவிடுறன். டாங்கி நசுங்கினதுக்கும் அந்தக் காரணமே காணும்.”

அவர் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். முதல் நாள் என்னைச் சந்தேகப்பட்ட அதே மனிதர்.

“வேணாம்ங்கய்யா. நடந்தத எழுதுங்க.”

“உனக்கென்ன விசரே, பிள்ளை? அந்தப் பெட்டை பிழைச்சிட்டாள். இனி ஆர் கேட்கப் போயினம்?”

“கோளாறுன்னு எழுதினா துரை புது மூடி வாங்கிப் போடுவாரு. அடுத்த பூசைக்கு அந்தப் புது மூடியிலயும் பொட்டு விழும். நான் வைக்காட்டி எனக்கப்புறம் வர்றவ வைப்பா. அன்னிக்கு வழியில ஸ்பிரிட்டும் இருக்காது, சொல்றதுக்கு ஆளும் இருக்காது.”

அவர் தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார். “அப்ப நீயே எழுது. உன்ரை இங்கிலீஸ்தான் என்ரையை விட வடிவு.”

எழுதினேன். மூடி, துளை, சந்தனம், வைத்தவள் பெயர், போன நிமிஷங்கள். பெயரை எழுதும்போது மட்டும் பேனா ஒரு தடவை நின்றது. ஆனால் கை நடுங்கவில்லை.

மறுநாள் துரை என்னை பங்களாவுக்கு அழைத்தார். என் வேலை போய்விட்டது என்று அம்மா அழுதாள். துரை தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இனி ஆஸ்பத்திரியில் பூசை வேண்டாம் என்று உத்தரவு போடட்டுமா என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். பூசை இருக்கட்டும், பொட்டை முன்விளக்குக்கு மேலே வைக்கிறோம், காற்றுத் துளையைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் வரைந்துவிடுகிறோம் என்றேன். நீங்கள் பார்த்த அந்தச் சிவப்பு வளையம் அதுதான். அதை அழிய விடாதீர்கள்.

அதோடு வெளியே வந்திருக்கலாம். ஆனால் வழி முழுக்க ஒரு கணக்கு என் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. அந்தத் தடவை தடுத்தது சந்தனம். அடுத்த தடவை மண் சரியும், அல்லது சக்கரம் வெடிக்கும், அல்லது மருந்தையாவுக்கே காய்ச்சல் வரும். ஒரு பெண்ணின் உயிர் ஏழு மைல் தள்ளி இருக்கும்வரை ஏதாவது ஒன்று குறுக்கே வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் கேட்டுவிட்டேன். மேற்கணக்கிலேயே பிள்ளை பெற ஓர் அறை வேண்டும், இரண்டு கட்டில் போதும் என்றேன். துரை பார்க்கலாம் என்றார்.

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். நான் ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை ஒரு கடிதம் எழுதினேன். ஒரே கடிதத்தையே திருப்பி எழுதவில்லை. அந்த மாதம் மேற்கணக்கில் யார் யாருக்குப் பிரசவம், எத்தனை மணிக்குச் செய்தி வந்தது, எத்தனை மணிக்கு நான் போய்ச் சேர்ந்தேன் என்று எழுதினேன். இரண்டு தாய்மார் விஷயத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது செய்ய ஒன்றும் இருக்கவில்லை. அவர்கள் பெயரையும் எழுதினேன். பதினான்காவது கடிதத்துக்குப் பதில் வந்தது.

பழைய அரிசி ஸ்டோரைக் கொடுத்தார்கள். ராமையாவும் இன்னும் ஆறு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கூரைத் தகரம் மாற்றினார்கள். பவளமும் அடுத்த காம்பராக்காரியும் சுண்ணாம்பு அடித்தார்கள். மருந்தையா தன் கையாலேயே ஒரு மருந்து அலுமாரி செய்து, உள்ளே வைத்த போத்தல்களுக்குப் பெயர் எழுதாமல் அனுப்பியிருந்தார். எழுத வேண்டியது நான் என்று கொண்டுவந்த ஆளிடம் சொல்லிவிட்டிருக்கிறார்.

போன திங்கட்கிழமை நான் அங்கே குடிபோய்விட்டேன். இதை எழுதுவதும் அங்கிருந்துதான். சுண்ணாம்பு இன்னும் சரியாகக் காயவில்லை, கையை வைத்தால் வெள்ளை ஒட்டுகிறது. இன்று காலை பெரட்டுக்குத் தப்புப் பறை அடித்தபோது ஒரு பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தன் லயத்திலிருந்து நடந்தே வந்து சேர்ந்தாள். வழியில் ஒரு தடவை மட்டும் நின்று மூச்சு வாங்கினாளாம். முதல் கட்டிலில் படுத்திருக்கிறாள். வலி இப்போது நெருங்கி வருகிறது. நான் எழுந்து போக வேண்டும்.